ஒன்றைக் கூட்ட மூன்று வேலை

கணினி நிரல் எழுதப் பழகுகிறவர் முதல் வாரத்திலேயே எழுதிவிடும் வரி ஒன்று உண்டு: எண்ணிக்கை = எண்ணிக்கை + 1. இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டி அதே இடத்தில் திரும்ப வைக்கும் வரி. சி, ஜாவா மொழிகளில் மாறியின் பெயருக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டாலே போதும். பக்கத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், இன்று நடந்த பரிவர்த்தனை எத்தனை, கிடங்கில் மிச்சமிருக்கும் சரக்கு எத்தனை என்று மென்பொருள் எங்கேயும் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இந்த வரியும் எங்கேயும் இருக்கிறது.

இதே வரியை இரண்டு த்ரெட்டுகளிடம் கொடுத்தால் கணக்கு தப்புகிறது.

ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடிக்கொண்டு, ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்பவை த்ரெட்டுகள். சோதித்துப் பார்ப்பது சுலபம். சி மொழியில் சின்ன நிரல் ஒன்று. அதில் பொதுவாக ஒரு மாறி, தொடக்க மதிப்பு பூஜ்யம். இரண்டு த்ரெட்டுகளும் ஆளுக்கு 10 லட்சம் முறை அதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். முடிவில் 20 லட்சம் வந்தாக வேண்டும். சாதாரண மடிக்கணினியில் ஓட்டினால் 20 லட்சத்துக்கு வெகு கீழே ஏதோ ஓர் எண் வருகிறது. மறுபடி ஓட்டினால் வேறோர் எண். இந்தச் சோதனைக்குக் கம்பைலரின் மேம்படுத்தும் வசதியை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது 10 லட்சம் சுற்றையும் ஒரே கூட்டலாகச் சுருக்கிவிடும். விடையும் பெரும்பாலும் சரியாக வந்து, பிழையே இல்லை என்று நம்ப வைத்துவிடும்.

நிரலாளர் ஒரு வரியாகப் பார்ப்பதைப் பிராசஸர் மூன்று வேலையாகச் செய்கிறது. நினைவகத்தில் இருக்கும் எண்ணைத் தனக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு இடத்துக்குள் எடுக்கிறது. அங்கே ஒன்றைக் கூட்டுகிறது. கூட்டிய எண்ணை நினைவகத்தில் திரும்ப எழுதுகிறது. மாறியில் 41 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் த்ரெட் 41-ஐ எடுக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவது த்ரெட்டும் வந்து அதே 41-ஐ எடுத்துவிடுகிறது. இரண்டும் தத்தம் ரெஜிஸ்டரில் 42 ஆக்கி, இரண்டும் 42 என்றே எழுதுகின்றன. இரண்டு முறை கூட்டியும் எண் ஒன்றுதான் ஏறியிருக்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. நிரல் நிற்காது. ஒரு கூட்டல் காணாமல் போனது யாருக்கும் தெரியாது. இப்படி யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிற நிலைக்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர்.

அதிகபட்சமாக எவ்வளவு காணாமல் போகலாம்? பாதி போகலாம் என்றுதான் பலரும் ஊகிப்பார்கள். இரண்டு த்ரெட்டுகளும் ஒவ்வொரு முறையும் மோதிக்கொண்டால் 20 லட்சத்துக்குப் பதில் 10 லட்சம் வரும் என்பது அந்த ஊகம். உண்மையில் முடிவு 2 ஆகவும் இருக்கலாம். 20 லட்சம் கூட்டலுக்குப் பின் வெறும் இரண்டு! இது எப்படி என்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

முதல் த்ரெட் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு, எழுதுவதற்கு முன் நிறுத்தப்படுகிறது. அந்த இடைவெளியில் இரண்டாவது த்ரெட் தன் 10 லட்சத்தில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாச் சுற்றையும் முடிக்கிறது. எண் 9,99,999. இப்போது முதல் த்ரெட் விழித்து, தன் கையில் இருந்த பூஜ்யத்தோடு ஒன்றைக் கூட்டி, 1 என்று எழுதுகிறது. அத்தனை உழைப்பும் அழிந்தது. இரண்டாவது த்ரெட் தன் கடைசிச் சுற்றுக்காக அந்த 1-ஐ எடுத்துக்கொண்டு நிற்கிறது. முதல் த்ரெட் தன்னிடம் மிச்சமிருக்கும் 9,99,999 சுற்றையும் முடிக்கிறது. எண் 10 லட்சம். கடைசியாக இரண்டாவது த்ரெட் தன் கையில் இருக்கும் 1-ஐ 2 ஆக்கி எழுதிவிட்டுப் போகிறது. நிஜத்தில் இது நடப்பதற்கான வாய்ப்பு மிகமிகச் சிறியது. ஆனால் நடக்கக் கூடாது என்று தடுக்கும் எதுவும் அந்த நிரலில் இல்லை.

மூன்று வேலையையும் ஒரே ஆணையில் முடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் நினைவகத்தில் உள்ள எண்ணை நேரடியாக ஏற்றும் ஆணை உண்டு. சில்லுக்குள் நிரலை ஓட்டும் கோர் ஒன்றே ஒன்றாக இருந்தால் அது போதும், ஏனென்றால் ஓர் ஆணையின் நடுவில் த்ரெட் மாற்றம் நடக்காது. கோர்கள் இரண்டானால் போதாது. ஆணை ஒன்றாகத் தெரிந்தாலும் சில்லுக்குள் அது எடுப்பது, கூட்டுவது, எழுதுவது என்றே நடக்கிறது. இன்னொரு கோர் நடுவில் புகுந்துவிட முடியும்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்க முடியாதபடி ஒரு பெயர் இந்தத் துறையில் நிலைத்திருக்கிறது: தெராக்-25. கனடாவின் அணுசக்தி நிறுவனம் தயாரித்த, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில் 1986-இல் நடந்த இரண்டு விபத்துகளும் பல பாடநூல்களில் வந்துவிட்டன. இயந்திரத்தை இயக்கியவர் தட்டச்சில் தேர்ந்தவர். திரையில் தவறாக அடித்ததைச் சில நொடிகளில் திருத்திவிட்டார். காந்தங்களைச் சரிசெய்யும் வேலை எட்டு நொடி எடுக்கும். அதற்குள் நடந்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கண்டது, இன்னொரு பகுதி காணவில்லை.

எண்ணிக்கை வைக்கும் மாறிகளான எண்ணிகளைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது, வாஷிங்டன் மாநிலம் யாக்கிமாவில் 1987 ஜனவரி 17 அன்று நடந்தது. தெராக்-25 நிரலில் கிளாஸ்-3 என்று ஒரு மாறி இருந்தது. அளவு ஒரே ஒரு பைட். சிகிச்சைக்கு ஆயத்தம் செய்யும் பணி, தன் ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஒன்றைக் கூட்டும். கூடவே ஓடும் இன்னொரு பணி அதைப் படிக்கும். பூஜ்யம் இல்லையென்றால், கதிர்க்கற்றையின் பாதையில் இருக்க வேண்டிய பாகங்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று சோதிக்கும். பூஜ்யம் என்றால் சோதனை தேவையில்லை என்று விட்டுவிடும். ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும். 256-ஆவது முறை கூட்டும்போது அது தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஆயத்தப் பணியோ ஒரு நோயாளிக்கே நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும். அன்றைக்கு மாறி பூஜ்யமாகியிருந்த அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினார். சோதனை நடக்கவில்லை. கற்றையைக் கட்டுப்படுத்தும் பாகம் எதுவும் பாதையில் இல்லாமல் முழு வேகத்தில் கதிர் பாய்ந்தது. அந்த நோயாளிக்குத் திட்டமிட்ட மொத்த அளவு 86 ராட். கிடைத்தது 8,000 முதல் 10,000 ராட் வரை இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஏப்ரலில் அவர் இறந்தார்.

திருத்தம் ஒரே வரிதான்: கூட்டுவதற்குப் பதிலாக, பூஜ்யமல்லாத ஒரு நிலையான எண்ணை ஒவ்வொரு சுற்றிலும் வைத்துவிடுவது. அங்கே எண்ணவேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விபத்துகளை வரி வரியாக அலசியது. பகிரப்பட்ட மாறிகளைச் சோதிப்பதும் மாற்றுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இந்த நிரலில் இருக்கவில்லை என்பதை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். முந்தைய மாடலில் இருந்த இயந்திரப் பாதுகாப்புகளை நீக்கிவிட்டு மென்பொருளையே நம்பியதும் விபத்துகளுக்குக் காரணம். பிழையை ஒரு மாறியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல.

இந்த வகைப் பிழை எவ்வளவு காலம் மறைந்திருக்கும் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14-ஐப் பார்க்கலாம். அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒஹாயோவில் மின்கம்பிகள் தாழ்ந்து மரங்களில் பட்டதில் தொடங்கிய கோளாறு அது. அதைக் கண்டு முன்கூட்டியே எச்சரிக்க வேண்டிய கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2.14 மணிக்கே செத்துப்போயிருந்தது. இரண்டு பணிகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதப் புகுந்து அதைச் சிதைத்துவிட்டன. எச்சரிக்கை நிரல் முடிவில்லாச் சுற்றில் சிக்கிக்கொண்டது. அந்த வாய்ப்பின் அகலம் மில்லி நொடிக் கணக்கு. பல இடங்களில் சேர்த்து 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் அதுவரை அந்தப் பிழை தலைகாட்டியதில்லை. வாரக்கணக்கில் நிரலை அலசித்தான் தயாரித்த நிறுவனம் அதைக் கண்டுபிடித்தது.

சோதனையில் சரியாக ஓடியது என்பது வேறு எந்த நிரலுக்கும் ஓரளவு சான்று. பகிரப்பட்ட மாறிக்கு அது சான்றே இல்லை.

தீர்வைத் தேடியவர்களில் முதல் பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் நுழையக் கூடாத நிரல் பகுதியை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு, இரண்டு பணிகள் மட்டும் இருந்தால் என்ன செய்யலாம் என்பதை அவருடைய நாட்டவரான டெக்கர் கண்டிருந்தார். எத்தனை பணிகள் இருந்தாலும் செல்லுபடியாகும் விடையை 1965-இல் டைக்ஸ்ட்ரா ஒரு பக்க அளவிலான கட்டுரையில் வெளியிட்டார். செமஃபோரும் அவர் தந்ததுதான். அதுவுமே ஓர் எண்ணி. உள்ளே போகிறவர் அதில் ஒன்றைக் குறைக்க வேண்டும், பூஜ்யமாக இருந்தால் காத்திருக்க வேண்டும், வெளியே வருகிறவர் ஒன்றைக் கூட்ட வேண்டும். எண்ணியைக் காக்க இன்னோர் எண்ணி! அந்த இரண்டாவது எண்ணியை யார் காப்பது என்ற கேள்வி உடனே எழும். வன்பொருளோ இயங்குதளமோ காத்துத் தர வேண்டும் என்பதே அன்றைய பதில்.

லெஸ்லி லாம்போர்ட் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. 1974-இல் அவர் எழுதிய வழிமுறைக்கு பேக்கரி அல்காரிதம் என்று பெயர். கூட்டம் மொய்க்கும் கடையில் வாடிக்கையாளர்கள் டோக்கன் எடுத்துக்கொண்டு தங்கள் எண் வரும்வரை நிற்பதைப் போன்றது. ஆனால் டோக்கன் கொடுக்கும் இயந்திரமே ஒரு பொது எண்ணிதானே? லாம்போர்ட் அதைத் தூக்கிவிட்டார். வருகிறவர் மற்ற எல்லோர் கையிலும் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து, அதில் பெரியதைவிட ஒன்று கூடுதலாகத் தனக்குத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் பார்த்த இரண்டு பேருக்கு ஒரே எண் வந்துவிடலாம். வரட்டும், அடையாள எண் சிறியவர் முதலில் போகட்டும் என்றார். ஒவ்வொரு மாறியிலும் அதன் சொந்தக்காரர் மட்டுமே எழுதுகிறார், மற்றவர்கள் படிக்க மட்டும் செய்கிறார்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் படித்துத் தாறுமாறான எண்ணைக் கண்டாலும் இந்த வழிமுறை தவறுவதில்லை. வன்பொருளிடம் எந்தச் சலுகையும் கேட்காமல் இதைச் சாதித்ததுதான் இதன் அழகு. லாம்போர்ட்டுக்கு 2013-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

இன்று நிரலாளர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் மியூடெக்ஸ் என்ற பூட்டைத்தான். கூட்டுவதற்கு முன் பூட்டைப் பிடி, கூட்டு, பிறகு விடு. ஜாவாவில் சிங்க்ரனைஸ்டு என்ற சொல் இதைச் செய்கிறது. அங்கே பலரும் வழுக்கி விழும் இடம் வாலட்டைல் என்ற சொல். அதை மாறிக்கு முன்னால் போட்டால் ஒரு த்ரெட் எழுதியது மற்றவற்றின் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு மட்டும்தான் உறுதி. எடுப்பதையும் கூட்டுவதையும் எழுதுவதையும் அது ஒன்றாகக் கட்டாது. வாலட்டைல் போட்ட எண்ணியும் கூட்டலைத் தொலைக்கும்.

பூட்டுக்கும் விலை உண்டு. 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி சில நாளில் தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருந்தது. முன்னுரிமை மிகுந்த பணி அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை கொண்ட மூன்றாவது பணியோ வானிலைப் பணியை ஓடவிடாமல் பிராசஸரைப் பிடித்துக்கொண்டது. பூட்டு விடப்படவே இல்லை. முக்கியமான பணி நேரத்துக்கு முடியாததைக் கண்ட கண்காணிப்பு அமைப்பு கணினியை மறுதொடக்கம் செய்தது. பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி அந்த மென்பொருளில் அணைக்கப்பட்டிருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தார்கள்.

ஒரே ஒரு எண்ணை ஏற்றுவதற்குப் பூட்டு தேவையும் இல்லை. வன்பொருளே அணு ஆணைகளைத் தருகிறது. இவை நடுவில் யாரும் புக முடியாதபடி ஒரே மூச்சில் முடிபவை. இன்டெல் வகைச் சில்லுகளில் சாதாரண ஆணைக்கு முன்னால் லாக் என்ற முன்னொட்டைச் சேர்த்தால், எடுத்து எழுதும்வரை அந்த இடத்தை வேறு கோர் தொட முடியாது. ஐபிஎம் தன் சிஸ்டம்/370 கணினிகளில் 1970-களில் கொண்டுவந்த கம்பேர் அண்ட் ஸ்வாப் என்ற ஆணை இன்னும் நுட்பமானது. அதனிடம் சொல்வது இதுதான்: இந்த இடத்தில் 41 இருந்தால் மட்டும் 42 ஆக்கு, வேறு எண் இருந்தால் எதையும் தொடாமல் என்னிடம் சொல். நடுவில் வேறு த்ரெட் மாற்றிவிட்டிருந்தால், புதிய எண்ணை எடுத்துக்கொண்டு மறுபடி முயல வேண்டியதுதான். மாரிஸ் ஹெர்லிஹி 1991-இல் இதன் வலிமையைக் கணித ரீதியாக நிறுவினார். வெறும் படித்தல், எழுதுதல் மட்டும் இருந்தால் யாரும் யாருக்காகவும் காத்திராமல் இரண்டு த்ரெட்டுகளைக்கூட ஒரே முடிவுக்குக் கொண்டுவர முடியாது. எடுத்துக் கூட்டும் அணு ஆணை இரண்டு த்ரெட்டுகளுக்குப் போதும், மூன்றுக்குப் போதாது. கம்பேர் அண்ட் ஸ்வாப் எத்தனை த்ரெட்டுகளுக்கும் போதும்.

இந்த வேறுபாடு அன்றாட நிரலிலும் தெரியும். ரயிலில் ஒரே ஒரு படுக்கை மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வரி. ஒன்றைக் குறைப்பது அடுத்த வரி. குறைப்பதை அணு ஆணையாக்கினாலும், இரண்டு த்ரெட்டுகள் முதல் வரியில் 1-ஐப் பார்த்துவிட்டால் இரண்டும் குறைக்கும். மிச்சம் -1 ஆகும், ஒரே படுக்கைக்கு இரண்டு பேர் வருவார்கள். பார்ப்பதும் குறைப்பதும் சேர்ந்து ஒரே செயலாக வேண்டும். அதைக் கம்பேர் அண்ட் ஸ்வாப் செய்யும், அல்லது பூட்டு செய்யும்.

ஜாவாவில் டக் லீ தலைமையில் உருவான தொகுப்பு 2004-இல் அட்டாமிக் இன்டீஜரைக் கொண்டுவந்தது. சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளின் 2011 தரநிர்ணயங்கள் அணு மாறிகளை மொழிக்குள்ளேயே சேர்த்தன. சரியான விடை இப்போது எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. வேகம்தான் பிரச்சினை.

ஒவ்வொரு கோருக்கும் பக்கத்திலேயே கேஷ் என்ற சிறு நினைவகம் உண்டு. நினைவகத்திலிருந்து அதற்குள் தரவு வருவது பெரும்பாலான சில்லுகளில் 64 பைட் கொண்ட வரிகளாக. ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கோரிடம் மட்டுமே அது இருக்க வேண்டும், மற்ற கோர்களின் நகல்கள் செல்லாதவையாக வேண்டும். ஆகவே எட்டு கோர்கள் ஒரே எண்ணியில் கூட்டும்போது அந்த வரி ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்குப் போய்வந்துகொண்டே இருக்கிறது. தனியாகச் சில நானோ நொடிகளில் முடியும் கூட்டல், இப்படி மோதும்போது பல பத்து நானோ நொடிகளை எடுக்கிறது. கோர்களைக் கூட்டக் கூட்ட எண்ணுவது வேகமாவதற்குப் பதில் மெதுவாகிறது. இரண்டு த்ரெட்டுகள் வெவ்வேறு மாறிகளில் கூட்டினாலும், அந்த மாறிகள் ஒரே 64 பைட் வரிக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால் இதே மந்தம் வரும். நிரலைப் பார்த்தால் எதையும் பகிர்ந்ததாகத் தெரியாது. அனுபவமுள்ளவர்களையும் நாள்கணக்கில் அலைக்கழிக்கும் சிக்கல் இது.

இதற்கான தீர்வு, எண்ணியைப் பகிராமல் விடுவது. ஒவ்வொரு கோருக்கும் தனி எண்ணி கொடுத்துவிட்டால் யாரும் யாரோடும் மோத வேண்டியதில்லை. மொத்தம் வேண்டும்போது எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். லினக்ஸ் கர்னல் தன் புள்ளிவிவர எண்ணிகள் பலவற்றை இப்படித்தான் வைத்திருக்கிறது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2010-இல் 48 கோர் கொண்ட கணினியில் லினக்ஸை ஓட்டி எங்கெங்கே முட்டுகிறது என்று பார்த்தபோது, அடிக்கடி முட்டிய இடங்களில் பகிரப்பட்ட எண்ணிகளும் இருந்தன. ஒவ்வொரு கோரும் மொத்தத்திலிருந்து கொஞ்சத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் எண்ணிகளை அவர்கள் கொண்டுவந்தார்கள். ஜாவா 8-இல் 2014-இல் வந்த லாங் ஆடரும் இதே வழிதான். மோதல் கண்டால் அது எண்ணியைப் பல துண்டாகப் பிரித்துக்கொள்கிறது.

இதில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே சில துண்டுகள் ஏறிவிடும். கிடைக்கும் மொத்தம் எந்த ஒரு கணத்துக்கும் துல்லியமானது என்று சொல்ல முடியாது. வலைப்பக்கத்தைப் பார்த்தவர் கணக்குக்கு அது போதும். ரயில் படுக்கைக்குப் போதாது. எந்த எண்ணிக்கு எந்த அளவு துல்லியம் வேண்டும் என்பதை மொழியோ சில்லோ சொல்லாது, நிரலாளர்தான் முடிவெடுக்க வேண்டும். லினக்ஸ் கர்னலில் பல ஆண்டு உழைத்த பால் மெக்கென்னி, இணை நிரலாக்கம் பற்றிய தன் நூலில் எண்ணுவதற்கென்றே ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கியிருப்பதில் வியப்பில்லை.

ஒரு சாதாரண எண்ணி ஒரு மொழியின் தலையெழுத்தையே பல்லாண்டு நிர்ணயித்த கதையும் உண்டு. பைத்தானில் உருவாகும் ஒவ்வொரு பொருளும், தன்னை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்று தனக்குள்ளேயே ஓர் எண்ணியை வைத்திருக்கிறது. ஒரு பொருளுக்கு இன்னொரு பெயர் கொடுத்தால் ஒன்று ஏறும், ஒரு பெயர் மறைந்தால் ஒன்று இறங்கும், பூஜ்யமானால் பொருள் நினைவகத்திலிருந்து நீக்கப்படும். இந்த எண்ணி ஒரு கூட்டலைத் தொலைத்தால், யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளே காணாமல் போகும், நிரல் விழும். ஒரு கழித்தலைத் தொலைத்தால் அந்தப் பொருள் என்றைக்கும் நீங்காது, நினைவகம் நிரம்பிக்கொண்டே போகும். பைத்தானில் த்ரெட்டுகள் வந்த 1990-களின் தொடக்கத்தில் இதற்கு ஒட்டுமொத்தமாக ஒரே பூட்டைப் போட்டார்கள். எத்தனை த்ரெட் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் நிரலை ஓட்டலாம். ஜில் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பூட்டு அதுதான்.

ஒரு கோர் காலத்தில் அது நல்ல முடிவு. கணினிக்கு எட்டு கோர், பதினாறு கோர் வந்தபின் அதுவே தளை ஆனது. நீக்கிப் பார்க்க 1990-களிலேயே கிரெக் ஸ்டைனும், பின்னர் 2016 வாக்கில் லாரி ஹேஸ்டிங்ஸும் முயன்றார்கள். பூட்டை எடுத்தால் எண்ணிகளை வேறு வகையில் காக்க வேண்டும். அந்தக் காவலின் செலவில் ஒரே த்ரெட்டில் ஓடும் நிரல்கள் கடுமையாக வேகம் இழந்தன. உலகின் பெரும்பாலான பைத்தான் நிரல்களோ ஒரே த்ரெட்டில் ஓடுபவை. அவற்றை மெதுவாக்கும் மாற்றத்தை யாரும் ஏற்கத் தயாராக இல்லை.

விடை இலினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் 2018-இல் ஒன்றைக் கவனித்தார்கள். பெரும்பாலான பொருள்களை அவற்றை உருவாக்கிய த்ரெட் மட்டுமே தொடுகிறது. அப்படியானால் ஒரு பொருளுக்கு இரண்டு எண்ணிகள் இருக்கட்டும். சொந்தக்கார த்ரெட் தன் எண்ணியில் எந்தக் காவலும் இல்லாமல் வேகமாகக் கூட்டலாம். மற்ற த்ரெட்டுகள் இன்னோர் எண்ணியில் அணு ஆணையால் கூட்டலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பொருளை நீக்கலாமா என்று முடிவெடுக்கலாம். சாம் கிராஸ் இந்த வழியைப் பைத்தானுக்குக் கொண்டுவந்தார். அவருடைய முன்மொழிவு 2023-இல் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு வந்த பைத்தான் 3.12-இல், நன் என்ற வெற்று மதிப்பு, சிறிய எண்கள் போன்ற பொருள்களின் எண்ணிகளை யாரும் தொடவே கூடாது என்று உறையவைத்தார்கள். எல்லா த்ரெட்டுகளும் எப்போதும் சுட்டும் பொருள்கள் அவை. நிரல் முடியும்வரை நீங்கப்போவதில்லை என்னும்போது அவற்றை எண்ணுவானேன்?

ஜில் இல்லாத பைத்தான் 2024 அக்டோபரில் 3.13-இல் சோதனை வடிவமாக வந்தது. அப்போது ஒரே த்ரெட்டில் ஓடும் நிரல்களுக்குச் சுமார் 40 சதவீத வேக இழப்பு இருந்தது. 2025 அக்டோபரில் வந்த 3.14-இல் அது 5 முதல் 10 சதவீதமாகக் குறைந்தது. அந்த வடிவம் விரும்பினால் எடுத்துக்கொள்ளக்கூடிய, அதிகாரபூர்வ ஆதரவு பெற்ற ஒன்றாகவும் ஆனது.

ஜில் காத்தது பைத்தானின் உள் எண்ணிகளை மட்டுமே, நிரலாளர் எழுதும் எண்ணிகளை அல்ல. எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும் பைத்தான் வரியும் உள்ளே பல சிறு ஆணைகளாகப் பிரிகிறது. த்ரெட் மாற்றம் அவற்றின் நடுவில் நடக்கலாம். ஆனால் 3.10 பதிப்பிலிருந்து த்ரெட் மாறும் இடங்கள் சுற்றின் முடிவு, செயற்கூறு அழைப்பு போன்ற சில இடங்களாகக் குறுகிவிட்டன. அதனால் பழைய பாடநூல் சோதனையை அந்தப் பதிப்புகளில் ஓட்டினால் பெரும்பாலும் சரியான விடையே வருகிறது. பைத்தானில் பூட்டு தேவையில்லை என்று பலரும் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஜில் இல்லாத வடிவத்தில் அதே நிரல் கூட்டலைத் தொலைக்கிறது.

கருவிகள் இல்லாமல் இல்லை. ரஸ்ட் மொழியில் இரண்டு த்ரெட்டுகள் காவலின்றி ஒரே மாறியை மாற்ற முயன்றால் நிரல் கம்பைலே ஆகாது. கோ மொழியில் 2013 முதல் ரேஸ் கண்டுபிடிக்கும் வசதி உடன் வருகிறது. சி, சி பிளஸ் பிளஸ் நிரல்களுக்கு த்ரெட் சானிடைசர் இருக்கிறது. நிரலை 5 முதல் 15 மடங்கு மெதுவாக்கும், நினைவகத்தையும் பல மடங்கு விழுங்கும். இந்தச் செலவுக்கு அஞ்சி அதை ஓட்டாமல் விடுவது தவறான சிக்கனம். ஆனால் ஓடிய பாதையில் நடந்த மோதலைத்தான் அது சொல்லும், ஓடாத பாதையைப் பற்றி எதுவும் சொல்லாது.

பல த்ரெட்டில் ஓடும் பைத்தான் நிரலைப் பராமரிப்பவர்கள் ஜில் இல்லாத புதிய வடிவத்துக்கு மாறுவதற்கு முன் தங்கள் நிரலில் உள்ள எண்ணிகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒன்றைக் கூட்டும், ஒன்றைக் குறைக்கும் ஒவ்வொரு வரியிலும் நின்று, இந்த மாறியில் வேறு எந்த த்ரெட் எழுதுகிறது என்று கேளுங்கள். விடை தெளிவாக இல்லையென்றால் முதலில் அந்த வரியைச் சுற்றிப் பூட்டைப் போடுங்கள். வேகத்தைப் பற்றிப் பிறகு அளந்து பார்த்து யோசிக்கலாம்.